பிரிட்டனுக்கு வரும் பார்சலும் வாசலில் கேட்கும் வரியும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டனுக்கு வந்த முதல் ஆண்டிலேயே நம்மவர்கள் பலரின் வீட்டுக் கதவுக்குள் ராயல் மெயிலின் சாம்பல் நிற அட்டை ஒன்று வந்து விழுகிறது. பார்சல் வந்திருக்கிறது, ஆனால் கட்டணம் பாக்கி என்று அதில் இருக்கும். சென்னைக் கடையில் இணையம் வழியாக வாங்கிய சுடிதாராக இருக்கலாம். தீபாவளிக்கு அம்மா அனுப்பிய பெட்டியாக இருக்கலாம். பொருளுக்கும் அஞ்சலுக்கும் பணம் கட்டியாகிவிட்டதே, இது என்ன புதிதாக என்ற கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தொகை எங்கிருந்தோ முளைத்ததல்ல. ஆர்டர் கொடுக்கும் முன்பே, அல்லது அம்மா அஞ்சலகத்துக்குக் கிளம்பும் முன்பே, அதை ஏறத்தாழச் சரியாகக் கணக்கிட்டுவிடலாம். பல நேரங்களில் முழுவதும் தவிர்க்கவும் முடியும். பகுதிநேர வேலை பார்த்து வாடகை கட்டும் மாணவருக்கு 20 பவுண்டு சிறிய தொகை அல்ல என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்குப் பொருந்தும். வட அயர்லாந்துக்குச் சில விதிகள் வேறு.

முதலில்: இது வாங்கிய பொருளா, அன்பளிப்பா, உங்கள் சொந்தப் பொருளா?

வரிக் கணக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொடங்குகிறது. நீங்கள் பணம் கொடுத்து வெளிநாட்டுக் கடையிலிருந்து வரவழைத்தால் அது வாங்கிய பொருள். ஊரிலுள்ள ஒருவர் தன் பணத்தில் வாங்கி, பிறந்தநாள், திருமண நாள், பண்டிகை போன்ற ஒரு காரணத்துக்காக உங்களுக்கு அனுப்பினால் அது அன்பளிப்பு. ஊரில் நீங்களே வைத்துப் புழங்கிய உடைகளும் புத்தகங்களும் பின்னால் வந்து சேர்ந்தால் அவை உங்கள் உடைமைகள். மூன்றுக்கும் விதிகள் தனித்தனி. ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடுவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

கடைக்காரர் பார்சலின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்புவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனம் தனிநபருக்கு அனுப்புவது அன்பளிப்பாகாது. அது பொய் அறிக்கை. பிடிபட்டால் பார்சலைப் பறிமுதல் செய்யவும் முடியும். 'விலையைக் குறைத்துப் போட்டுத் தருகிறேன்' என்பதும் இதே வகைதான். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த விலையைத்தான் இழப்பீடாகக் கேட்க முடியும் என்பதையும் அவர் உங்களிடம் சொல்லமாட்டார்.

வாங்கிய பொருள் என்றால்: 135 பவுண்டு

முன்பு 15 பவுண்டு வரையிலான பொருள்களுக்கு வரி விலக்கு இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அது இல்லை. இப்போது எவ்வளவு சிறிய தொகைக்கு வாங்கினாலும் வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரி உண்டு. பொதுவான விகிதம் 20 சதவீதம். அதை யார் வசூலிக்கிறார்கள் என்பதை 135 பவுண்டு என்ற எல்லை தீர்மானிக்கிறது.

பார்சலில் உள்ள பொருள்களின் மதிப்பு 135 பவுண்டு அல்லது அதற்குக் கீழ் இருந்தால் சுங்கவரி கிடையாது. வாட் வரியை விற்பவரே விலையோடு சேர்த்து வாங்கி பிரிட்டன் அரசுக்குக் கட்ட வேண்டும். அமேசான், ஈபே, எட்ஸி போன்ற பெரிய சந்தைத் தளங்கள் வழியாக வாங்கினால் அந்தத் தளமே இதைச் செய்துவிடும். வீட்டுக்குப் பார்சல் வரும்போது கூடுதலாக எதுவும் கேட்கமாட்டார்கள்.

135 பவுண்டைத் தாண்டினால் வாட் வரி, பொருளைப் பொறுத்துச் சுங்கவரி இரண்டும் சேர்கின்றன. தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும். இவற்றை அஞ்சல் துறையோ கூரியர் நிறுவனமோ உங்களிடம் வசூலிக்கும். வசூலிக்கும் வேலைக்குத் தன் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும்.

இங்கே இரண்டு நுணுக்கங்கள். எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்க்கும்போது பொருளின் விலையை மட்டும்தான் பார்ப்பார்கள்; ரசீதில் தனியாகக் காட்டப்பட்ட அஞ்சல் செலவு அதில் சேராது. ஆனால் எல்லையைத் தாண்டிய பிறகு வரி கணக்கிடும்போது அஞ்சல், காப்பீடு, பொதி செய்யும் செலவு எல்லாம் சேரும். அடுத்தது, எல்லை ஒவ்வொரு பொருளுக்கும் அல்ல, மொத்தப் பார்சலுக்கும். 90 பவுண்டு விலையுள்ள இரண்டு சுடிதார்கள் ஒரே பார்சலில் வந்தால் 180 பவுண்டு, சுங்கவரி உண்டு. பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டுமே எல்லைக்குள் வந்திருக்கும். ஒரே ஆர்டரை வரிக்காகவே உடைத்து அனுப்பச் சொல்வது வேறு. அதைச் செய்ய வேண்டாம். ஆனால் ஆண்டு முழுவதற்கும் சேர்த்து ஒரே நாளில் வாங்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லையே.

சுங்கவரி இல்லை என்ற இந்தச் சலுகை நிரந்தரமும் அல்ல. 2025 நவம்பர் பட்ஜெட்டில், 2029 மார்ச்சுக்குள் இதை நீக்கிவிடுவதாக அரசு அறிவித்திருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் திருமணத்துக்காகத் தைத்த ஆடை ஒன்றை 160 பவுண்டுக்கு வாங்குகிறீர்கள். அஞ்சல் செலவு 20. மொத்தம் 180 பவுண்டு. பிரிட்டனில் பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்குச் சலுகை எதுவும் இல்லாத சுங்கவரி 12 சதவீதம். 180-க்கு 21 பவுண்டு 60 பென்ஸ். இப்போது வாட் வரி. அது 180-க்கு மட்டுமல்ல, சுங்கவரியையும் சேர்த்து 201 பவுண்டு 60 பென்ஸுக்கு. இருபது சதவீதம் என்றால் 40 பவுண்டு 32 பென்ஸ். ராயல் மெயில் வழியாக வந்தால் கையாளும் கட்டணம் 8 பவுண்டு. ஆக, வீட்டு வாசலில் 69 பவுண்டு 92 பென்ஸ். ஆடையின் விலை 160 என்று நினைத்தீர்கள். கைக்கு வரும்போது அது ஏறத்தாழ 250.

வரிக்கு வரி போடுவது போலத் தோன்றும். உண்மையும் அதுதான், சுங்கவரி பொருளின் விலையில் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. ரூபாயில் வாங்கியிருந்தால், வருவாய்த் துறையான எச்.எம்.ஆர்.சி. மாதந்தோறும் வெளியிடும் மாற்று விகிதத்தில் மதிப்பைப் பார்ப்பார்கள். அன்று வங்கி உங்களுக்குக் கொடுத்த விகிதத்தோடு சிறிது வேறுபடலாம். 130 பவுண்டுக்கு மேல் வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பொருளுக்கும் இவ்வளவு வராது. அச்சிட்ட புத்தகங்களுக்கு வாட் வரியும் இல்லை, சுங்கவரியும் இல்லை. தமிழ்ப் புத்தகங்களைத் தயங்காமல் வரவழைக்கலாம். ஆனால் அவற்றை உடைகளோடு ஒரே பார்சலில் கலக்காதீர்கள். சிறு குழந்தைகளின் ஆடைகளுக்கு வாட் வரி இல்லை. மடிக்கணினி, கைப்பேசி ஆகியவற்றுக்குச் சுங்கவரி இல்லை, ஆனால் வாட் வரி 20 சதவீதம் முழுமையாக உண்டு. ஊரில் சற்று மலிவாகக் கிடைக்கிறது என்று கைப்பேசியை வரவழைத்தால் அந்த லாபம் இங்கே கரைந்துவிடும். சமையலுக்கான மசாலாப் பொடிகள் போன்ற பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு வாட் வரி இல்லை. மிட்டாய், சாக்லேட் வகைகளுக்கு உண்டு.

மற்ற பொருள்களுக்கு விகிதம் வேண்டுமானால் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் சுங்கவரி அட்டவணை இருக்கிறது. பொருளின் பெயரையும் அது தயாரான நாட்டையும் கொடுத்துத் தேடுங்கள். நாடு முக்கியம். வளரும் நாடுகளுக்கான வணிகச் சலுகைத் திட்டம் 2023 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி இலங்கையில் தயாரான பெரும்பாலான பொருள்களுக்கு, விதிகளுக்கு உட்பட்டால், சுங்கவரியே இல்லாமல் போகலாம். இந்தியாவுக்கும் சில வகைகளில் குறைந்த விகிதம் உண்டு. தவிர, இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று வணிக ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டிருக்கின்றன. ஆனால் எந்தச் சலுகையும் தானாக வந்து சேராது. பொருள் எங்கே தயாரானது என்ற அறிக்கையை விற்பவர் விலைப்பட்டியலில் எழுதித் தர வேண்டும். சென்னைக் கடையில் வாங்கிய பொருள் சீனாவில் தயாரானது என்றால் இந்தியச் சலுகை அதற்குக் கிடையாது.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

பெரிய தளங்களில் இந்தத் தொல்லை குறைவு. பிரச்சினை வருவது ஊரிலுள்ள சிறிய கடைகளிடம், குறிப்பாக இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்ஆப்பிலும் விற்பவர்களிடம். அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. பிரிட்டன் வரி விதி பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும்.

முதலில், பிரிட்டன் வாட் வரியை விலையில் சேர்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். சேர்த்திருந்தால் அவர்களுக்கு பிரிட்டன் வாட் பதிவு எண் இருக்கும். ரசீதில் அதைக் காணலாம். பதிவு இல்லாத சிறு கடை என்றால், பார்சலை இங்கே நிறுத்தி வரியும் கட்டணமும் கேட்க வாய்ப்பு உண்டு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

அடுத்து, எந்த வழியாக அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். இந்தியாவின் ஸ்பீட் போஸ்ட்டில் வருவது இங்கே ராயல் மெயிலின் துணை நிறுவனமான பார்சல்ஃபோர்ஸ் கைக்கு வரும். சாதாரண அஞ்சல் ராயல் மெயிலுக்குப் போகும். தனியார் கூரியர் என்றால், அவர்கள் உங்கள் சார்பில் வரியை முன்கூட்டியே கட்டிவிட்டு, அதற்கு ஒரு முன்பணக் கட்டணம் வாங்குவார்கள். அது ராயல் மெயிலின் 8 பவுண்டைவிடக் கூடுதலாக இருப்பதே வழக்கம். வேகமாக வருகிறது என்பதற்காக 40 பவுண்டுப் பொருளைத் தனியார் கூரியரில் வரவழைப்பது பெரும்பாலும் நட்டம்.

விலையுயர்ந்த பொருள் என்றால் இன்னொரு கேள்வி: வரி எல்லாம் கட்டி வீட்டு வாசலில் சேர்ப்பீர்களா, இல்லை பெறுபவர் கட்ட வேண்டுமா? கூரியர் மொழியில் முதலாவது டி.டி.பி., இரண்டாவது டி.ஏ.பி. இந்த இரண்டு எழுத்துக் கூட்டுகளில் எது உங்கள் ஆர்டரில் இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும்போது, பவுண்டில் கட்டவா, ரூபாயில் கட்டவா என்று தளம் கேட்டால் விற்பவரின் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். தளம் தரும் மாற்று விகிதம் பெரும்பாலும் மோசமாக இருக்கும். பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் என்றால் கடன் அட்டையில் கட்டுவது பாதுகாப்பு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாங்கியதற்கும் அட்டை நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது.

அம்மா அனுப்பும் பெட்டி

என்னை மிகவும் வருத்தப்பட வைப்பது இதுதான். ஊரில் பெற்றோர் பார்த்துப் பார்த்து வாங்கி, அஞ்சலகத்தில் வரிசையில் நின்று, ஆயிரக்கணக்கில் செலவழித்து அனுப்பிய பெட்டிக்கு இங்கே பிள்ளை வரி கட்டுகிறது; அதைப் பெற்றோரிடம் சொல்லவும் மனம் வராது. ஊரிலேயே ஒரு தாளைச் சரியாக நிரப்பியிருந்தால் பெரும்பாலும் இது நேராது.

அன்பளிப்பின் மதிப்பு 39 பவுண்டு அல்லது அதற்குக் கீழ் என்றால் வரியே இல்லை. 39-ஐத் தாண்டினால் முழு மதிப்புக்கும் வாட் வரி. 60 பவுண்டு மதிப்புள்ள புதுத்துணிக்குக் குறைந்தது 12 பவுண்டு வரி, 8 பவுண்டு கட்டணம், ஆக 20 பவுண்டு. 135 பவுண்டுக்கு மேல் போனால் சுங்கவரியும் சேரும். 630 பவுண்டு வரை அது 2.5 சதவீதம், அதற்கு மேல் பொருளுக்கேற்ற விகிதம். மதுவுக்கும் புகையிலைக்கும் தனியாகக் கலால் வரி இருப்பதால் அவற்றைப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. ஒரே பெட்டியில் பலருக்கு அன்பளிப்பு வந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 39 பவுண்டு விலக்கு கிடைக்கும். நிபந்தனைகள் மூன்று: ஒவ்வொருவருடையதும் தனித்தனியாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும், சுங்கப் படிவத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொன்றின் மதிப்பும் தனியாகக் காட்டப்பட வேண்டும். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பாட்டி தீபாவளித் துணி அனுப்பினால், நான்கு பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒரே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி 'துணிமணி' என்று எழுதினால் விலக்கு ஒருவருக்குத்தான்.

பெட்டியின் மேல் ஒட்டும் சி.என். 22 அல்லது சி.என். 23 என்ற அந்தச் சுங்கப் படிவத்தை அஞ்சலகத்தில் அவசரமாக நிரப்பவிடாதீர்கள். முந்தைய நாளே நீங்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிடுங்கள். அப்பா அதைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். அன்பளிப்பு என்ற கட்டத்தில் குறி, என்ன காரணத்துக்கான அன்பளிப்பு, ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு. 'உணவுப் பொருள்', 'வீட்டுப் பொருள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் சோதிப்பவர் பெட்டியைத் திறந்து தானாக ஒரு மதிப்பைப் போட இடம் கொடுத்ததாகிவிடும். 'பருத்திச் சட்டை 1', 'சாம்பார்ப் பொடி 500 கிராம்' என்பதுபோல் எழுதினால் போதும். வாங்கிய ரசீதின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள் வைப்பது நல்லது. மதிப்பைக் கூட்டியும் எழுத வேண்டாம். அக்கறையால் சிலர், தொலைந்தால் கிடைக்கட்டும் என்று அதிக விலை போடுவார்கள். அந்த விலைக்கு வரி கட்டுவது நீங்கள்தான்.

பால், இறைச்சி ஆகியவற்றாலான பொருள்களை இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ அஞ்சலில் அனுப்பக் கூடாது. பால்கோவாவும் உப்புக்கண்டமும் இதில் அடங்கும், பிடிபட்டால் அழித்துவிடுவார்கள். செடிகளுக்கும் விதைகளுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தங்க நகையை அஞ்சலில் அனுப்பச் சொல்லவே சொல்லாதீர்கள்.

உங்கள் சொந்தப் பொருள் பின்னால் வருகிறதா?

குடிபெயர்ந்து வருபவர்கள் ஊரில் புழங்கிய உடைமைகளைச் சுங்கவரி, வாட் வரி இரண்டுமில்லாமல் கொண்டுவரலாம். இதற்கு டி.ஓ.ஆர். 1 என்ற குடிபெயர்வு நிவாரண விண்ணப்பத்தை எச்.எம்.ஆர்.சி.க்கு இணையம் வழியாக அனுப்ப வேண்டும். பொதுவான நிபந்தனைகள்: பிரிட்டனுக்கு வெளியே தொடர்ந்து 12 மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும், பொருள்களைக் குறைந்தது 6 மாதமாக வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், வந்து 12 மாதத்துக்குள் அவை வந்து சேர வேண்டும், அடுத்த 12 மாதத்துக்கு விற்கக் கூடாது. முழுநேரப் படிப்புக்கு வரும் மாணவர்களுக்கும் உடை, படிப்புப் பொருள், அறைக்கு வேண்டிய சாமான்களுக்கு நிவாரணம் உண்டு. ஒப்புதலோடு ஓர் எண் தருவார்கள். அந்த எண் கைக்கு வந்த பிறகே பெட்டியை அனுப்பச் சொல்லுங்கள். ஆவணங்களில் அது இருக்க வேண்டும். கூரியர் நிறுவனம் இதைப் பற்றித் தானாக எதுவும் சொல்லாது.

அட்டை வந்துவிட்டால்

ராயல் மெயிலின் அட்டையில் ஒரு எண் இருக்கும். அந்த நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய், அந்த எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டிவிட்டு, வசதியான நாளில் கொண்டுவரச் சொல்லலாம். பொதுவாகச் சுமார் மூன்று வாரம் பார்சலை வைத்திருப்பார்கள். அதற்குள் கட்டாவிட்டால் அது அனுப்பியவருக்கே திரும்பும். ஊருக்குப் போகும் விடுமுறைக் காலத்தில் பார்சல் வருவதாக இருந்தால் அறைத் தோழரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் மோசடிக்காரர்களும் காத்திருக்கிறார்கள். ஒன்றிரண்டு பவுண்டு கட்டணம் பாக்கி, இந்த இணைப்பில் கட்டுங்கள் என்று குறுஞ்செய்தி வரும். தொகை மிகச் சிறியது என்பதால் பலர் யோசிக்காமல் வங்கி அட்டை விவரத்தைக் கொடுத்துவிடுவார்கள். போவது அந்த இரண்டு பவுண்டு அல்ல, வங்கிக் கணக்கே. சுங்கக் கட்டணம் உண்மையில் இருந்தால் ராயல் மெயில் சாம்பல் நிற அட்டையும் போடும். அட்டை இல்லாமல் செய்தி மட்டும் வந்தால் இணைப்பைத் தொடாதீர்கள். சந்தேகச் செய்தியை 7726 என்ற எண்ணுக்கு அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. விவரத்தைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே 159-ஐ அழைத்து உங்கள் வங்கியுடன் பேசுங்கள்.

தவறாக வசூலித்துவிட்டால்

கட்டிய பிறகும் வழி உண்டு. 30 பவுண்டு அன்பளிப்புக்கு வரி போட்டுவிட்டார்கள், கடையில் வாட் வரி கட்டியும் வாசலில் மறுபடி வாங்கிவிட்டார்கள், வரி கட்டிய பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள் என்றால் கேட்டு வாங்கலாம். ராயல் மெயில் அல்லது பார்சல்ஃபோர்ஸ் வழியாக வந்ததற்கு பி.ஓ.ஆர். 286 என்ற படிவம். தனியார் கூரியர் வழியாக வந்ததற்கு சி. 285. 135 பவுண்டுக்கு உட்பட்ட பொருளுக்கு விற்பவரிடம் வாட் வரி கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால், விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

எதற்கும் ஆதாரம் வேண்டும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வரித் தொகை எழுதி ஒட்டிய சீட்டு, அதற்குப் பக்கத்திலுள்ள சுங்கப் படிவம், கடை ரசீது, பணம் கட்டியதற்கான சான்று ஆகியவற்றை வைத்துக்கொண்டு, பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் கைப்பேசியில் படம் எடுங்கள். விண்ணப்பத்தில், ஏன் தவறு என்று இரண்டே வரியில் எழுதுங்கள்: தனிநபர் அனுப்பிய அன்பளிப்பு, மதிப்பு இவ்வளவு, ரசீது இணைப்பில் என்று. அசலை அனுப்பும் முன் நகல் எடுத்துக்கொண்டு, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.